பதினோராம் பக்கத்தில் மட்டும் திருகோணமலை

குழந்தைப் பருவ மூளை வளர்ச்சி, நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றிய இளம் ஆய்வாளர் பயிற்சித் திட்டத்தின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

உங்கள் அறிவித்தல் 14 பக்கம். அதில் திருகோணமலை என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: 11ஆம் பக்கத்தில், 'தரவு சேகரிக்கப்படும் மாவட்டங்கள்' என்ற தலைப்பின் கீழ். பயிற்சி நடக்கும் இடம் கொழும்பு. பயிற்சி மொழி ஆங்கிலம். விண்ணப்பிக்க விரும்புபவர் பல்கலைக்கழகமொன்றில் நிரந்தரப் பதவியில் இருக்க வேண்டும், முதல் ஆசிரியராக இரண்டு கட்டுரைகளாவது வெளியிட்டிருக்க வேண்டும், 12 வாரம் தொடர்ந்து கொழும்பில் தங்கவும் வேண்டும். பிள்ளைகளை நாங்கள் தர வேண்டும், ஆய்வாளர்களை நீங்கள் வேறிடத்தில் தேடிக்கொள்வீர்கள் என்பதை இதைவிட வெளிப்படையாக எழுதியிருக்க முடியாது.

ஆனாலும் விண்ணப்பித்தேன். மூன்று வரியில் பதில் வந்தது. முதல் இரண்டு வரியில் எனக்குத் தகுதி போதாது என்று இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். இந்த மடலை எழுத வைத்தது மூன்றாவது வரி: 'களப்பணி தொடங்கும்போது மொழிபெயர்ப்புக்கு உங்கள் உதவியை நாடுவோம்.'

ஒன்பது வருடமாக இந்த நகரத்தில், வளர்ச்சியில் பிந்தும் சிறு பிள்ளைகளுக்கு உதவும் ஒரு சிறிய ஆரம்பத் தலையீட்டு நிலையத்தில் வேலை செய்கிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், இன்னும் எந்தப் பெயரும் சூட்டப்படாமல் 'பிந்திக் கதைப்பான்' என்ற ஒற்றை ஆறுதலோடு மட்டும் வருகிறவர்கள் என்று 26 பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளிப் பக்கமிருந்தும் காலை பஸ்ஸில் வருகிறார்கள். இந்த ஒன்பது வருடத்தில் மூன்று ஆய்வுக் குழுக்களுக்குக் கள உதவியாளராகப் போயிருக்கிறேன். வினாக்கொத்தைத் தமிழில் வாசித்திருக்கிறேன், நிறை பார்க்கும் கருவியைச் சுமந்திருக்கிறேன், தலைச் சுற்றளவு அளக்கும்போது பிள்ளையின் தலையைப் பிடித்திருக்கிறேன், சம்மதப் படிவத்தில் பெருவிரல் வைக்கத் தயங்கிய தாய்மாருக்குப் பக்கத்தில் அமர்ந்து விளக்கியிருக்கிறேன். வெளிவந்த கட்டுரையொன்றின் கடைசிப் பக்க நன்றியில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் நானும் இருக்கிறேன்.

அந்த மூன்று ஆய்வுகளில் ஒன்றின் முடிவுகூட இந்த மாவட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. ஈச்சிலம்பற்றில் ஒரு தாய் என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்: "அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதிக்கொண்டு போனார்களே ரீச்சர், என் பிள்ளைக்கு என்னவாம்?" அவரிடம் இருந்து தகவல் வாங்கியவருக்கு அதன் பிறகு கலாநிதிப் பட்டம் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் ஆண்டுக்குப் போயிருக்க வேண்டிய வயதில் வீட்டில் இருக்கிறான். அந்த மூன்று ஆய்வுகளில் இரண்டை மேற்பார்வை செய்தவர்கள் இன்று உங்கள் குழுவில் இருப்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு என்று நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்ட வேலையில் என்ன நடக்கிறது என்று ஒரு வீட்டைக் காட்டுகிறேன். கிண்ணியாவில் கடற்கரையோரமாக ஒரு வீடு. பிள்ளைக்கு இரண்டரை வயது. வினாக்கொத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் குழந்தை பாசாங்கு விளையாட்டில் ஈடுபடுகின்றதா?' எங்கோ, யாரோ, அகராதி பார்த்து ஆக்கிய தமிழ். நான் அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்பது கட்டளை. வாசித்தேன். அந்த உம்மாவின் முகம் மாறிவிட்டது. "என் பிள்ளைக்குப் பாசாங்கு தெரியாது. அல்லாஹ் அறிய, கள்ளம் இல்லாத பிள்ளை." ஆய்வாளர் 'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளமிட்டார்.

அந்த உம்மாவின் முதுகுக்குப் பின்னால், முற்றத்தில், பிள்ளை சிரட்டைக்குள் மண்ணை அள்ளிப் போட்டு ஈர்க்கிலால் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிடி எடுத்து, சீலைத் துண்டில் சுற்றிய பொம்மையின் வாய்க்குக் கொண்டுபோனாள். கொடுப்பதற்கு முன் நின்று, மண்ணை ஊதினாள். சூடு ஆற வேண்டுமே. அந்தக் கேள்வி தேடிய பாவனை விளையாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தப் பாடநூலில் வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள். "அங்கே பாருங்கள் சேர்" என்று ஆய்வாளரிடம் சொன்னேன். "கேள்விக்கு வெளியே எதையும் எழுத முடியாது" என்றார். 'சோறு கறி காய்ச்சி விளையாடுவாளா?' என்று கேட்டிருந்தால் அந்த உம்மா சிரித்துக்கொண்டே ஒரு நாள் முழுவதும் பேசியிருப்பார். இப்போது அந்தப் பிள்ளை எங்கோ ஒரு கணினியில், சந்தேகத்துக்குரிய ஒரு புள்ளியாக இருக்கிறாள்.

இன்னொன்று. குச்சவெளியில் மீன்பிடிக் குடும்பமொன்று. மூன்று வயதுப் பையன். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பரிசோதனை. அட்டையில் இருந்தது குளிர் நாட்டில் அணியும் கம்பளிக் கையுறை, பெருவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரலும் சேர்ந்தும் இருக்கும் வகை. பையன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நண்டுக்கால்!" என்றான். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்னவாகத் தெரியும்? விடைத்தாளில் பூச்சியம் விழுந்தது. அந்த அட்டையை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு. பரிசோதிக்கப்பட்டது யார் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இவை என் தனிப்பட்ட முறைப்பாடுகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் துறையின் ஏடுகளே இதைச் சொல்கின்றன. இலங்கையின் அரைநகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையை நீங்கள் எல்லோரும் வாசித்திருப்பீர்கள். 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது, அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையில் உள்ள மற்றச் செய்தியை ஏனோ அவ்வளவாகக் காட்டுவதில்லை: ஓட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோரிடம் கேட்டறிய அமெரிக்காவில் உருவான எம்-சாட் வினாக்கொத்து, ஓட்டிசம் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோரை அங்கே தவறவிட்டது. தாய்மார் பொய் சொன்னதால் அப்படி நேரவில்லை. கேள்விக்கும் அவர்களுடைய வீட்டுக்கும் இடையே பாலம் இல்லை. அதன் பிறகு இந்த நாட்டிலேயே, படங்களைக் காட்டித் தாய்மாரிடம் கேட்கும் ஓட்டிச மதிப்பீட்டு அட்டவணை ஒன்று உருவாக்கப்பட்டு 2017இல் வெளியானது. அதாவது, இங்கே இருப்பவர்களால் இங்கே இருப்பவர்களுக்கு ஒரு கருவியைச் செய்ய முடியும். அப்படியானால் கிழக்குக் கரையின் பேச்சுத் தமிழுக்கு, அதிலும் மூதூர், கிண்ணியா முஸ்லிம் வீடுகளின் தமிழுக்கும் சம்பூர், நிலாவெளி வீடுகளின் தமிழுக்கும் பொருந்துவதை யார் செய்வது? 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் பத்தில் ஏழு பேர் தமிழ் பேசும் வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

மலாவியில் செய்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் தினமும் கையாளும் பொருட்களை வைத்து, அங்குள்ள பிள்ளைகளையே அளவுகோலாக்கி ஒரு வளர்ச்சி மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கி 2010இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த கூட்டாய்வு 2018இல் வெளியானது. ஏறக்குறைய நூற்றுக்கு 12 பிள்ளைகளுக்கு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஏதாவதொன்று இருந்தது. மலாவி எங்களைவிட வசதியான நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்பூரில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் போன முதல் ஆய்வு அது. 2006இல் ஊரைவிட்டு ஓடி, மட்டக்களப்புப் பக்கம் அலைந்து, கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த ஒரு தாய். ஓடிய காலத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைதான் ஆய்வுக்குரிய பிள்ளை. கேள்வி: 'கர்ப்ப காலத்தில் உங்களுக்கு மன அழுத்தம் இருந்ததா? ஆம் / இல்லை / ஞாபகமில்லை.' அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஆய்வாளரைப் பார்த்தார். "எந்த மாதத்தைக் கேட்கிறீர்கள்?" என்றார். கேட்டவருக்கு அந்தப் பதிலை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. கர்ப்ப காலத்து மன அழுத்தம், போசாக்கின்மை, குறைமாதப் பிறப்பு ஆகியவை பிள்ளையின் மூளை வளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன என்று உலகமெங்கும் ஆராய்கிறார்கள். போரையும் 2004 கடற்கோளையும் கடந்த எங்கள் தாய்மாரிடம் இருப்பது போன்ற சாட்சியம் எத்தனை இடத்தில் கிடைக்கும்? அதைக் கேட்கத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் இந்த மண்ணிலிருந்து இன்னும் உருவாக்கப்படவில்லை.

இனி என் தவறு. இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதற்கு நேர்மை இருக்காது.

ஐந்து வருடத்துக்கு முன் இரண்டு வயதும் நான்கு மாதமுமான ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவான். பேச்சு இல்லை. முகம் பார்ப்பான், ஆனால் தனக்குத் தோன்றும்போது மட்டும். நான் என் குறிப்பேட்டில் 'ஓட்டிசமாக இருக்கலாம்' என்று எழுதி, அதற்குரிய விளையாட்டுப் பயிற்சிகளைத் தொடங்கினேன். அவனுடைய அம்மம்மா ஒரு நாள் கேட்டார்: "பிள்ளை, இவன் கூப்பிடுவது கேட்டும் திரும்பாதவனா, இல்லை கேட்கவே இல்லையா? இடி இடித்தால் மட்டும் திடுக்கிடுகிறானே." நான் சமாதானம் சொன்னேன். பதினொரு மாதம் கழித்து, கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் செவிப் பரிசோதனை செய்தபோது இரண்டு காதுகளிலும் கடுமையான கேட்டல் குறைபாடு என்று தெரிந்தது. உட்செவியில் கோளாறு, பிறவியிலேயே.

பிறந்து ஒரு மாதத்துக்குள் செவியைச் சோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது இந்தத் துறையில் உள்ளவர்கள் விரல் மடித்துச் சொல்லும் கணக்கு. பேச்சு வராத பிள்ளைக்கு ஓட்டிசம் என்று எண்ணும் முன் காதைச் சோதிக்க வேண்டும் என்பது அதைவிட எளிய பாடம். எனக்கு அதை முறையாக யாரும் கற்பித்திருக்கவில்லை. அம்மம்மாவுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பதினொரு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது, அதை வேறு யார்மீதும் போட நான் விரும்பவில்லை. ஆனால் பயிற்சிக்கு விண்ணப்பித்ததற்குக் காரணம் அந்தப் பையன்தான் என்பதை நீங்கள் அறிய வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத இடம் இருக்கவில்லை. வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலுக்குத்தான் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள்.

பதினொரு மாதம் என்பது பெரியவர்களுக்கு ஒரு வருடம்கூட இல்லை. அந்த வயதில் அதன் பெறுமதி உங்களுக்குத் தெரியும். மூளையின் முன்பகுதிப் புறணியில் நரம்பிணைப்புகளின் அடர்த்தி ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் உச்சத்தைத் தொடுகிறது, வளர்ந்தவருடையதைவிட ஏறக்குறைய அரைப் பங்கு அதிகமாகிறது, அதன் பிறகு பயன்படாதவை கழிந்து போகின்றன என்று நரம்பியல் மருத்துவர் ஹட்டன்லோக்கர் 1979இலேயே எண்ணிக் காட்டிவிட்டார். ருமேனியாவின் அநாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய புக்காரெஸ்ட் ஆய்வு 2007இல் வெளியானபோது, ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் அறிவுத்திறன் பிந்திப் போனவர்களுடையதைவிட நன்றாக மீண்டிருந்தது தெரியவந்தது. இவற்றை உங்கள் பாடத்திட்டத்தின் முதல் வாரத்திலேயே வைத்திருக்கிறீர்கள், பார்த்தேன். அதே பாடத்திட்டத்தை எழுதியவர்கள், திருகோணமலையில் பிள்ளையை முதலில் காண்பவர் யார் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். கிளினிக்கில் நிறை பார்த்துப் பதிவேட்டில் குறிக்கும் மருத்துவமாது, முன்பள்ளி ஆசிரியை, என்னைப் போன்றவர்கள். சிறப்பு வைத்திய நிபுணரிடம் பிள்ளை போய்ச் சேரும்போது நீங்கள் முதல் வாரத்தில் கற்பிக்கும் காலம் முடிந்துவிடுகிறது.

போய்ச் சேர்வதும் எளிதாக இல்லை. இங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். சென்ற வருடம் எங்கள் நிலையத்துப் பிள்ளை ஒருவனை இரவு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் பாட்டு. அவனுக்குச் சத்தம் ஆகாது. கந்தளாய் தாண்டியதும் காதைப் பொத்தினான், பிறகு தலையைக் கண்ணாடியில் மோதத் தொடங்கினான். நடத்துனர் நல்ல மனிதர், பாட்டை நிறுத்தினார். பின்னால் இருந்த பயணிகள் நித்திரை வராது என்று திரும்பப் போடச் சொன்னார்கள். ஹபரணையில் தாயும் பிள்ளையும் இறங்கிவிட்டார்கள். விடியும்வரை பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்தில் இருந்துவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். தவறவிட்ட தவணைக்குப் பதிலாகக் கிடைத்த அடுத்த தவணை நான்கு மாதம் தள்ளி. உங்கள் பயிற்சியில் இடம் கிடைப்பவர்கள் இந்தப் பிள்ளையைக் காணப் போவதில்லை, அவன் வந்து சேராததால் அவன் எந்தக் கணக்கிலும் வரப் போவதில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். ஆய்வு என்பது கட்டுரை எழுதுவது, கட்டுரைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலக் கட்டுரையை வாசித்து விளங்கிக்கொள்கிறேன், எழுதினால் தடுமாறுகிறேன். புள்ளிவிபரவியலில் என் நிலை அதைவிட மோசம். தற்செயலால் வந்த வேறுபாட்டையும் உண்மையான வேறுபாட்டையும் பிரித்தறியக் கற்க வேண்டும் என்றுதான் விண்ணப்பித்தேன். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றால் அதற்குப் பயிற்சி என்று ஏன் பெயர்? தரம் குறைந்துவிடும் என்றும் சொல்வீர்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஓட்டிசம் உள்ள 65 பிள்ளைகளோடு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பெற்றோருக்கு வழிகாட்டும் அந்தச் சிகிச்சையை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் நிபுணர்கள் இல்லை. முறையாகப் பயிற்றப்பட்டு மேற்பார்வை செய்யப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஈடுகொடுப்பதில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. தரம் எங்கே குறைந்தது?

தமிழில் கற்பிக்க ஆளில்லை என்றும் சொல்லக்கூடும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. அன்று பிறந்தவர்கள் இன்று பேராசிரியர்களாக இருக்கும் வயதில் இருக்கிறார்கள். ஆளில்லாமல் போனதற்குக் காரணம், இதுபோன்ற பயிற்சித் திட்டங்கள் ஒவ்வொன்றும் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்து முடிந்ததுதான்.

தென்னாபிரிக்காவின் சான் மக்கள், தங்களை ஆராய வருபவர்களுக்கு 2017இல் தாங்களே ஓர் ஒழுக்கக் கோவை எழுதினார்கள். வாக்குக் கொடுத்ததைச் செய்யாமல் போகும் ஆய்வாளரைப் பற்றியும் அதில் இருக்கிறது. வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடமாக ஆய்வாளர்களின் பக்கம் நின்று வினாக்கொத்து வாசித்தவள் நான். என் ஊர்த் தாய்மாருக்காக ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எனவே இப்போது எழுதுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியவை என்று நாங்கள் கேட்பவை இவை. நாங்கள் என்பது எங்கள் நிலையத்துப் பணியாளர்கள் நால்வரும், சென்ற சனிக்கிழமை இந்த மடலின் முதல் பிரதியைக் கேட்டுத் திருத்தம் சொன்ன பெற்றோரும்.

முதலில் அந்த 11ஆம் பக்கம். தரவு எடுக்கும் மாவட்டம் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது இருவருக்குப் பயிற்சியில் இடம் கொடுங்கள். இடம் கொடுக்க முடியாத மாவட்டத்தின் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

நிரந்தரப் பதவி, இரண்டு கட்டுரை என்ற நிபந்தனைகளை நீக்குங்கள். பட்டமோ டிப்ளோமாவோ இருந்து, பிள்ளைகளோடு நேரடியாக ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் போதும் என்று மாற்றுங்கள். மருத்துவமாதுமாரும் விசேட கல்வி அலகு ஆசிரியர்களும் பேச்சு சிகிச்சையாளர்களும் அதற்குள் வர வேண்டும். எனக்குத்தான் இடம் தர வேண்டும் என்று கேட்கவில்லை. மூதூரில் என்னைவிடக் கூர்மையான ஒரு மருத்துவமாதுவை எனக்குத் தெரியும்; விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டே மூடிவைத்துவிட்டார்.

12 வாரத்தை நான்கு நான்கு வாரமாகப் பிரியுங்கள். அவற்றில் ஒரு பகுதியைத் திருகோணமலையில் நடத்துங்கள். கட்டடத்துக்குக் குறை இல்லை. எங்கள் பிள்ளைகள் பிற்பகல் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போன பிறகு எங்கள் மண்டபம்கூட காலியாகத்தான் இருக்கிறது. விரிவுரைகளும் கலந்துரையாடலும் தமிழிலும் இருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள பெண்கள் வருவதற்கு வழி செய்ய வேண்டும். குழந்தை வளர்ச்சி பற்றிய பயிற்சிக்குக் குழந்தையோடு வர முடியாது என்று அறிவித்தலில் எழுதியதை ஒருமுறை உங்களுக்குள் உரத்து வாசித்துப் பாருங்கள்.

பயிற்சியின் முதல் செயற்றிட்டமாக, இந்தக் கரையோரப் பிள்ளைகள் எந்த மாதத்தில் என்னென்ன சொல்கிறார்கள், எதை வைத்து எப்படி விளையாடுகிறார்கள் என்று சேகரிக்க விடுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களைப் பெற்றோர் அடையாளமிடும் மக்ஆர்தர்-பேட்ஸ் சொற்பட்டியல் 8 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. அது வேறு மொழிகளுக்குப் போகும்போது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதில்லை, அந்தந்த மொழிப் பிள்ளைகளின் சொற்களைக் கொண்டு புதிதாக அமைக்கிறார்கள். கிழக்குக் கரைத் தமிழுக்கு அதைச் செய்வோம். கந்தளாய், சேருவில பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கும் அதே முறையில் அங்குள்ளவர்களே செய்யட்டும். படங்களை இங்கே ஒருவர் வரைந்து தருவார். கையுறை இருக்காது.

ஆய்வு முடிந்து ஆறு மாதத்துக்குள், பங்கெடுத்த குடும்பங்களுக்கு அவர்களுடைய மொழியில், அவர்களுடைய ஊரில், நேரில் முடிவைச் சொல்ல வேண்டும். இதை ஒழுக்கவியல் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்திலேயே எழுதிச் செலவும் ஒதுக்குங்கள். ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பு பங்கேற்றவர்களுக்கு வேண்டும் என்று மருத்துவ ஆய்வு ஒழுக்கம் பற்றிய ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்வது உங்களுக்குப் புதிதாக இராது. பழைய மூன்று ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். ஈச்சிலம்பற்றுத் தாய்க்கு யாராவது ஒருவர் வந்து பதில் சொல்ல வேண்டும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கேள்விகளைத் திருத்தியும் களத்தில் தரவெடுத்தும் உழைத்தவர்களை, கட்டுரை எழுதும் வேலையிலும் சேர்த்து ஆசிரியர் பட்டியலில் பெயரிடுங்கள்.

உங்கள் மூன்றாவது வரிக்கு என் பதில்: பயிற்சியில் இந்த மாவட்டத்துக்கு இடம் இல்லாதவரை, நானும் என்னோடு வேலை செய்யும் மூவரும் இனி எந்த வினாக்கொத்தையும் வாசிக்கப் போவதில்லை.

தெரிவுப் பட்டியலை இறுதி செய்வதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். பெற்றோர் கூட்டம் ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை நடக்கிறது, அங்கே வாசிப்போம். இம்முறையாவது பதில் தமிழில் இருந்தால் நான் மொழிபெயர்க்க வேண்டி இராது.

இப்படிக்கு,
ஆரம்பத் தலையீட்டு நிலையப் பணியாளர் ஒருவர்,
திருகோணமலை